வெள்ளிக்கிழமைக் கட்லற்

டென்மார்க்கில், வெஸ்டர்ஹேட என்ற ஊரில், நவம்பர் மாதத்தில், கையில் நாய் இல்லாமல் வயல்வெளியில் நடந்து திரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்: நானும் சூசைதாசன் அண்ணையும். அந்த ஊரில் ஒருவன் நடப்பதற்குக் காரணம் வேண்டும். நாயை வெளிக்கு விட வந்திருக்க வேண்டும், அல்லது மாடு வேலி பாய்ந்திருக்க வேண்டும். சும்மா நடக்கிற இரண்டு கறுப்பர்களைக் கண்டால் ட்ராக்டர்காரர்கள் வேகத்தைக் குறைப்பார்கள். பிறகு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்துவார்கள். அது வணக்கமா, எச்சரிக்கையா என்பது முதல் ஆறு மாதமும் எனக்குப் பிடிபடவில்லை.

ஓல்போர்க்கிலிருந்து வடக்கே பஸ்ஸில் ஒன்றேகால் மணித்தியாலம் போனால் அந்த ஊர் வரும். ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம், புறுக்சன் என்ற பலசரக்குக் கடை, நாற்பது ஐம்பது வீடு. மிச்சமெல்லாம் வயலும், வயலுக்கு நடுவே நீள நீளமான தாழ்ந்த கொட்டகைகளும். கொட்டகைகளில் மிங்க் வளர்த்தார்கள். மிங்க் என்பது நம்முடைய கீரிப்பிள்ளை அளவில் ஒரு பிராணி; தோலுக்காகக் கூட்டில் அடைத்து வளர்ப்பது. அந்தத் தோலில் தைத்த கோட்டைப் போடுகிற சீமாட்டிகளில் ஒருத்தியையும் நான் கண்டதில்லை. நான் கண்டது அதன் தீனியை. எண்பத்தைந்தாம் ஆண்டிலிருந்து எனக்கும் அண்ணைக்கும் வேலை, மிங்க் தீனி அரைக்கிற நிலையத்தில்.

துறைமுகத்தில் மீனைச் சீவி நடுச்சதையைப் பெட்டியில் அடைத்து உலகத்துக்கு அனுப்பிவிட்டு, தலையையும் முள்ளையும் எங்களிடம் அனுப்புவார்கள். விடிய ஐந்து மணிக்கு லொறி வரும். பெரிய பெரிய தொட்டிகளில் தொர்ஸ்க் என்கிற கடல்மீனின் தலைகள், வாயைப் பிளந்தபடி ஐஸுக்குள் கிடக்கும். அண்ணை முள்வாரியால் அள்ளி அரைவைக்குள் தள்ள வேண்டும். நான் வெறுந் தொட்டிகளைச் சுடுதண்ணீர் பீச்சிக் கழுவ வேண்டும். அரைத்த மீனோடு தானியமும் கோழிக்கழிவும் சேர்ந்து சாம்பல் நிறத்தில் களியாக வெளியே வரும். அதை வண்டியில் ஏற்றிப் பண்ணை பண்ணையாகக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

சூசைதாசன் அண்ணை மன்னார்ப் பேசாலைக்காரர்; வெள்ளிக்கிழமையில் இறைச்சி தொடாத, மீன் மட்டும் தின்கிற கத்தோலிக்கர். ஏழு வயதில் தகப்பனோடு கடலுக்குப் போனவர். மீனின் கண்ணைப் பார்த்து அது செத்து எத்தனை மணித்தியாலம் என்று சொல்லக்கூடிய மனிதரை, மீனை மாவாக்கிற வேலைக்கு விட்டது யாருடைய யோசனையோ தெரியாது. முதல்நாள் முள்வாரியைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டியைப் பார்த்தபடி நின்றார்.

"தம்பி, உண்மையாவே உதை அரைக்கப்போறாங்களோ?"

"ஓம் அண்ணை."

"தலையையோ?"

"தலையையும் முள்ளையும்."

"சதையை வைச்சிட்டு ருசியை எறியிறாங்கள். பேயன்கள்."

பொறுப்பாளர் எவால்டிடம் அவர் ஒரு தலையைத் தூக்கிக் காட்டி, பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். எவால்ட் சிரித்துக்கொண்டு, கொண்டு போ, கொண்டு போ என்று கையை வீசினான். அன்றைக்குத் தொடங்கியது. அரைவை தொடங்க முதல் ஐந்தாறு தலைகளைத் தெரிந்தெடுத்து, குளிர்தண்ணீரில் அலசிப் பையில் போட்டு வெளிச்சுவரில் கொழுவி வைப்பார். மூன்று மணிக்கு வேலை முடிந்ததும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்படுவோம்.

வீட்டுக்கு நாலு கிலோமீற்றர். சைக்கிள் இருந்தது. ஆனால் நவம்பரில் மேற்கே கடலிலிருந்து வருகிற காற்று சைக்கிளையும் ஆளையும் சேர்த்துப் பள்ளத்தில் தள்ளிவிடும் என்பதால் நடந்தோம். உருளைக்கிழங்கு கிண்டி முடிந்திருந்தது. பீற் கிழங்கைத் தோண்டி வயலோரத்தில் ஆள் உயரத்துக்குக் குவித்திருந்தார்கள். தெருவெல்லாம் ட்ராக்டர் சக்கரம் கொண்டுவந்த சேறு. மரங்களில் இலையே இல்லை. காற்றைத் தடுக்க வரிசையாக நட்ட ஊசியிலை மரங்கள் மட்டும் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றன. நாலு மணிக்கு இருட்டிவிடும். உழுகிற ட்ராக்டரின் பின்னால் கடற்காகங்கள் கூட்டமாக இறங்கிப் புழுப் பொறுக்கும். அண்ணை நின்று பார்ப்பார்.

"கடலை விட்டிட்டு வந்து சேறு கிண்டுதுகள். எங்களைப்போலை விசர்ச் சாமான்கள்."

வழியில் பீற் வயலுக்குள் இறங்கி, மாட்டுக்கென்று விட்டிருக்கும் இலையில் பிஞ்சாக ஒரு பிடி ஒடித்துக்கொள்வார். அவருடைய மனைவி எமிலியா அக்கா அதைச் சுண்டி வறை செய்வார். தலையைச் சொதி வைப்பார். தேங்காய்ப்பால் கிடையாது, பசுப்பால் விட்டு எலுமிச்சம்புளி சேர்த்தது. அந்தக் கிழட்டுப் பண்ணை வீட்டில் அண்ணையும் அக்காவும் மகளும் கீழே, நான் மேலே பரணறையில். ஆனால் சாப்பாட்டுக்கு நாலு கோப்பை வைப்பார்கள். தனியாள் என்று என்னை ஒருநாளும் விட்டதில்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அந்த வீட்டுக்கு நான் செய்த கைம்மாறு அப்படிப்பட்டது.

எனக்கு ஒரு வியாதி உண்டு. தெரிந்ததைக் காட்டாமல் இருக்க ஏலாது. வட்டுக்கோட்டையில் படிக்கிற காலத்தில் ஆங்கிலத்தில் பரிசு வாங்கியவன். இங்கே வந்து, மற்றவர்கள் கடையில் பாலுக்கும் மோருக்கும் வித்தியாசம் தெரியாமல் நின்றபோது நான் டேனிஷ் பேப்பரை எழுத்துக்கூட்டி வாசித்தேன். ஒரு வருஷத்துக்குள் தொட்டி கழுவுகிறவன் துபாசியாகிவிட்டேன். டொக்டரிடம், கொம்யூன் என்கிற ஊராட்சிக் கந்தோரில், பள்ளிக்கூடத்தில், எங்கே போனாலும் "ஞானரட்ணத்தைக் கூப்பிடுங்கோ" என்பார்கள். வெள்ளைக்காரர் "எவ்வளவு அழகாகப் பேசுகிறாய்" என்று சொல்லும்போது அன்றைக்கு முழுவதும் எனக்குக் குளிர் தெரியாது.

றோஸ் அவர்களுடைய ஒரே பிள்ளை. ஏழு வயதில் வந்தவள். முதல் வருஷம் பள்ளிக்கூடத்தில் ஒரு மூலையில் தனியே இருந்தாளாம். ஒருவரும் அடிக்கவில்லை, பேசவுமில்லை. அடுத்த வருஷம் மெட்ட என்று ஒரு பிள்ளை அவளுக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். மிங்க் பண்ணைக்காரர் ஒருவருடைய மகள். தலைமயிர் வெள்ளை வெளேரென்று இருக்கும். அதற்குப் பிறகு வீட்டில் எந்தக் கதை எடுத்தாலும் மெட்டதான். மெட்ட இப்படிச் சொன்னாள், மெட்ட அப்படிச் சிரித்தாள். எமிலியா அக்கா அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் கையிலிருக்கிற வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்.

எண்பத்தாறாம் ஆண்டு நவம்பரில் றோஸுக்கு ஒன்பது வயது. இந்த நாட்டில் ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால் வகுப்பு முழுவதையும் வீட்டுக்குக் கூப்பிட வேண்டும். ஒருவரை விட்டாலும் குற்றம். பள்ளி நேரத்திலேயே ரீச்சர் அத்தனை பேரையும் நடத்திக் கூட்டிக்கொண்டு வருவார். போன வருஷம் றோஸ் தன் பிறந்தநாளை ஒருவருக்கும் சொல்லவில்லை. இந்த வருஷம் தானே கேட்டாள்.

"அம்மா, பதினாலாம் திகதி எல்லாரும் வருவினம். பதினாறு பேர். பிர்த்த ஓம் எண்டிட்டா."

"ஆரடி பிர்த்த?"

"ரீச்சர்."

"ரீச்சரைப் பேர் சொல்லியோ கூப்பிடுறாய்?" என்று சூசைதாசன் அண்ணை திடுக்கிட்டார்.

"எல்லாரும் அப்பிடித்தான் அப்பா. சொசேச் அவிச்சுப் பாணுக்கை வைச்சுக் குடுத்தாக் காணுமாம்."

எமிலியா அக்கா சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்தார். "பதினாலு வெள்ளிக்கிழமை."

"அதுக்கென்ன?"

"வெள்ளிக்கிழமையிலை இறைச்சியோ? என்ரை வீட்டிலையோ?"

"அவையள் அதெல்லாம் பாக்கிறேல்லை அம்மா."

"அவையள் பாக்காட்டிப் போகட்டும். அடுப்படியிலை நிக்கிறது நானெல்லோ. அண்டைக்கு மீன் கட்லற் போடுறன்."

றோஸ் என்னைப் பார்த்தாள். நான் அவளுக்காகக் கதைக்கப் போனேன். "அக்கா, புறுக்சனிலை பெட்டி மீன் இருக்கு. முள்ளில்லாதது. அதிலை போட்டால்…"

"அது எந்தக் காலத்திலை செத்த மீனோ ஆருக்குத் தெரியும்?" என்றார் அண்ணை. "கல்லுப்போலை உறைஞ்சு கிடக்குது. வாசமுமில்லை, வழுவழுப்புமில்லை. வீடு தேடி வாற பிள்ளையளுக்கு உதையோ குடுக்கிறது? வியாழக்கிழமை விடிய வாறதிலை நான் நல்லதாத் தெரிஞ்சு கொண்டு வாறன். கன்னச் சதை. பஞ்சு மாதிரி இருக்கும்."

"உறைப்புப் போடாதேங்கோ" என்றாள் றோஸ். "மெட்டவுக்கு ஏலாது."

"மிளகு மட்டும்" என்று எமிலியா அக்கா சத்தியம் செய்துகொடுத்தார்.

வியாழக்கிழமை நானும் அண்ணையும் முப்பத்திரண்டு தலைகளை இரண்டு சாக்கில் கட்டி நாலு கிலோமீற்றரும் சுமந்தோம். தண்ணீர் ஒழுகி முதுகில் இறங்கிப் பனியனோடு ஒட்டிக்கொண்டது. வீட்டில் கிடாரத்தில் போட்டு அவித்து, நாலு பேரும் மேசையைச் சுற்றி இருந்து கன்னத்துச் சதையையும் பிடரிச் சதையையும் விரலால் கிள்ளி எடுத்தோம். ஒரு முள் இருக்கக்கூடாது என்று அக்கா ஒவ்வொரு கிண்ணத்தையும் தன் விரலால் திரும்ப அளைந்து பார்த்தார். உருளைக்கிழங்கு மசித்து, வெங்காயம் வதக்கி, மிளகு இடித்துப் போட்டு, உருட்டி, முட்டையில் தோய்த்துப் பாண்தூளில் பிரட்டி அடுக்கினோம். எண்பத்து நாலு கட்லற். றோஸ் எண்ணிச் சொன்னாள்.

மறுநாள் நானும் அண்ணையும் வேலைக்கு லீவு போட்டிருந்தோம். பத்தரை மணிக்கு அவர்கள் வருவதைப் பார்க்கப் படலைக்குப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. உழுத வயலுக்கும் பீற் குவியலுக்கும் நடுவே வருகிற ஒழுங்கையில் மஞ்சள் மழைக்கோட்டுகள் இரண்டிரண்டாக வந்தன. முதல் சோடி றோஸும் மெட்டவும். இருவரும் கைகோத்துக்கொண்டு, வேண்டுமென்றே சேற்றுக்குழிகளில் பாய்ந்து பாய்ந்து வந்தார்கள். எனக்குப் பின்னால் எமிலியா அக்கா சீலைத் தலைப்பில் மூக்கைச் சிந்துவது கேட்டது. "எத்தினை பேர் வருகினம் பாருங்கோ தம்பி" என்றார். நாட்டைவிட்டு வந்த பிறகு அந்த வீட்டு வாசலில் அத்தனை சப்பாத்து கழற்றப்பட்டது அன்றைக்குத்தான்.

மேசையில் சின்னச் சின்ன டென்மார்க் கொடிகள் வைத்திருந்தோம். பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள். கேக்கை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா சட்டியிலிருந்து சுடச்சுட எடுத்துப் போட, கட்லற் போய்க்கொண்டே இருந்தது. முன்வாய்ப் பல்லில்லாத ஒரு பெடியன் ஏழு தின்றான். மெட்ட ஆறு. எங்கள் வீட்டிலும் இதைச் செய்யச் சொல்ல வேண்டும் என்று ஒரு பிள்ளை சொன்னது. எமிலியா அக்காவுக்கு டேனிஷில் தெரிந்தது 'நன்றி'யும் 'தயவுசெய்து எடுங்கள்' என்பதும்தான். அந்த இரண்டையும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

பிர்த்த ரீச்சர் நல்ல மனுசி. அதையும் சொல்ல வேண்டும். நாலாவது கட்லற்றைக் கையில் வைத்துக்கொண்டு, மரியாதைக்குத்தான், அண்ணையைப் பார்த்துக் கேட்டார்.

"இவ்வளவு அருமையான மீன் இந்தப் பக்கத்தில் கிடைக்கிறதே இல்லை. நீங்கள் எங்கே வாங்குகிறீர்கள்?"

அண்ணை என்னைப் பார்த்தார். நான் தமிழில் சொன்னேன். அவருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"வாங்கிறேல்லை எண்டு சொல்லு. என்ரை வேலையிடத்திலை வாறது. நேற்று விடிய வந்த மீன், நானே ஒவ்வொண்டாத் தெரிஞ்சது. தலையிலை இருக்கிற சதைதான் ருசி எண்டு சொல்லு. இவையள் எறியிறதை நாங்கள் எறியிறேல்லை எண்டு சொல்லு."

புறுக்சன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். எல்லாரும் தலையாட்டியிருப்பார்கள். அண்ணைக்கும் விளங்கியிராது. ஆனால் எனக்கு அந்த நிலையத்தின் பெயர், டேனிஷில் இரண்டு மூன்று சொல்லை ஒட்டிச் செய்த நீளமான பெயர், நாக்கு நுனியில் வந்து நின்றது. அதைச் சரியாக உச்சரிக்க நான் ஒரு கிழமை பழகியிருந்தேன். ஒரு சொல் விடாமல், ஒரு எழுத்துப் பிசகாமல் மொழிபெயர்த்தேன். மிங்க் தீனி நிலையத்தில், தொட்டியிலிருந்து, தலைகளை, நாங்கள் எறிவதில்லை. முழுவதும் சொல்லி முடித்துவிட்டு, பாராட்டு வரும் என்று அந்த மனுசியின் முகத்தைப் பார்த்தேன்.

மெட்டதான் முதலில் பேசினாள். கெட்ட எண்ணமில்லை, கண்டதைச் சொல்கிற பிள்ளை. "அது எங்கள் மிங்குகள் தின்கிறதல்லவா?" என்றாள்.

ஒரு பிள்ளை வாயிலிருந்ததைக் கையில் துப்பியது. இன்னொரு பிள்ளை சிரித்தது. பிர்த்த கையிலிருந்த பாதிக் கட்லற்றைக் கோப்பையின் ஓரத்தில் மெதுவாக வைத்தார். முகம் சிரித்தபடியே இருந்தது. நிறம் மட்டும் மாறிவிட்டது. மணிக்கூட்டைப் பார்த்து, நேரமாகிவிட்டது பிள்ளைகளே, சப்பாத்தைப் போடுங்கள் என்றார். எமிலியா அக்கா, "ஏன் தம்பி, கேக் இன்னும் வெட்டேல்லையே?" என்று கேட்டுக்கொண்டு கத்தியும் கையுமாக வாசலில் நின்றார். மஞ்சள் கோட்டுகள் ஒழுங்கையால் திரும்பிப் போயின. றோஸ் கடைசியாகத் தனியே போனாள். மெட்ட வேறு ஒருத்தியின் கையைப் பிடித்திருந்தாள்.

அன்று பின்னேரம் இரண்டு பிள்ளைகள் வாந்தி எடுத்தார்களாம். மீன் குற்றமில்லை, தாய்மார் கேட்டுவிட்டு முகத்தைச் சுழித்த சுழிப்பில் வந்த சத்தி. ஆனால் அதை யாருக்குப் போய்ச் சொல்வது? திங்கட்கிழமை வேலை இடைவேளையில் பள்ளிக்கூட மதிலருகே நடந்துபோனபோது பெடியள் பல்லை வெளியே நீட்டி, மிங்க் கொறிக்கிற மாதிரிச் சத்தம் எழுப்புவதைக் கேட்டேன். நடுவில் றோஸ் தன் கொப்பியைப் பையில் வைத்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டில் அவள் முதலில் மீனை விட்டாள். பிறகு கறியை. பிறகு சோற்றையும். கறுப்புப் பாண் துண்டில் வெண்ணெய் பூசிக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். தன் கம்பளிச் சட்டையை வெளியே கொடியில், குசினியில் இருந்து தூரத்தில் காயப்போடச் சொன்னாள். எமிலியா அக்கா பின்னாலேயே கோப்பையோடு திரிந்தார்.

"ஒரு வாய் சாப்பிடு பிள்ளை. இது மரக்கறி. பருப்பு. மீன் துண்டும் இல்லை."

றோஸ் டேனிஷில், "எனக்குப் பசிக்கவில்லை" என்றாள். தாயோடு அவள் டேனிஷில் கதைத்தது அன்றைக்குத்தான் முதல்.

அக்கா என்னிடம் திரும்பினார். "என்ன சொல்லுறாள்? சொல்லுங்கோ. எல்லாத்தையும் அப்பிடியே சொல்லுற ஆளெல்லோ நீங்கள். அண்டைக்கு அந்த நாக்கை ஒருக்கால் அடக்க ஏலாமப் போச்சே, தம்பி? கடையிலை வாங்கினது எண்டு ஒரு சொல்! என்ரை பிள்ளை ஒரு வருஷமாத் தனியக் கிடந்து தேடின சிநேகிதம்."

சூசைதாசன் அண்ணைதான் எனக்காகப் பேசினார், அது இன்னும் கேவலமாக இருந்தது. "அவனை ஏன் ஏசுறாய்? நான் சொன்னதைத்தானே சொன்னவன். நான் என்ன களவெடுத்தனானே?"

வேலையிடத்தில் எவால்ட் அவரைக் கூப்பிட்டுத் தோளில் கைவைத்துச் சொன்னான். "சூசை, நீ நாய்க்குக் கொண்டுபோகிறாய் என்றல்லவா நான் நினைத்தேன்! இத்தனை தூரம் நடக்கிறாய், கட்டாயம் நாய் இருக்கும் என்று." இனித் தலை கொண்டுபோகக் கூடாது என்று மேலே இருந்து சொல்லிவிட்டார்களாம். நான் மொழிபெயர்த்தேன். அண்ணை தலையாட்டிவிட்டுப் போய் முள்வாரியை எடுத்தார். வேலையிடத்துச் சாப்பாட்டு மேசையில் அன்றிலிருந்து ஒருவரும் பக்கத்தில் வந்து இருக்கவில்லை; எங்கள் இரண்டு பேருக்கும் வேண்டிய அளவு இடம் இருந்தது.

அடுத்த கிழமை கொம்யூனிலிருந்து கடிதம் வந்தது. வியாழக்கிழமை மத்தியானம் பிள்ளைகளுக்கான நேர்ஸ் வருவார், வீட்டில் பிள்ளையின் உணவு பற்றிப் பேச வேண்டும், பெற்றோரும் பிள்ளையும் இருக்க வேண்டும். நான் வாசித்து முடிக்க முதலே எமிலியா அக்கா கதிரையில் இருந்துவிட்டார். எங்கோ ஒரு ஊரில் பிள்ளையைச் சரியாகப் பார்க்கவில்லை என்று கொம்யூன்காரர் வந்து கூட்டிக்கொண்டு போனதாக எங்கள் ஆட்களுக்குள் ஒரு கதை அடிபட்டது. ஊரும் தெரியாது, ஆளும் தெரியாது. ஆனால் எல்லாரும் நம்பினார்கள்.

"பறிச்சுக்கொண்டு போவினமோ, தம்பி?"

"சீ, அப்பிடியில்லை அக்கா."

"ஒரு கிழமையாப் பிள்ளை சோறு தின்னேல்லை. மெலிஞ்சு போனாள். பாத்தவுடனை பட்டினி போடுறம் எண்டெல்லோ நினைப்பினம்?"

புதன்கிழமை வேலை முடிந்து நடந்தபோது பனிப்புகார் இறங்கி வயல் எது, தெரு எது என்று தெரியவில்லை. கொட்டகைகளில் தோலுரிக்கிற காலம் தொடங்கியிருந்தது. கொழுப்பு மணம் ஒழுங்கை முழுக்கப் பரவியிருந்தது. தோளில் பையில்லாமல் நடக்க அவருக்குக் கை எங்கே வைப்பதென்று தெரியாததுபோல் இருந்தது.

"நாளைக்கு என்ன சொல்லப்போறாய்?" என்றார்.

"கடையிலை வாங்கின மீன் எண்டு சொல்லச் சொல்லி அக்கா சொன்னவ."

"சொல்லாதை." நின்றுவிட்டார். "இஞ்சை பார். முப்பது வருஷம் கடலிலை கிடந்தவன் நான். நல்ல மீன் எது, ஊத்தை மீன் எது எண்டு எனக்குத் தெரியும். ஊத்தையை என்ரை பிள்ளைக்குக் குடுப்பனோ? ஊரார் பிள்ளையளுக்குக் குடுப்பனோ? அதைச் சொல்லு. களவெடுக்கேல்லை, எவால்ட் தந்தவன் எண்டு சொல்லு. நான் இஞ்சை வந்து எல்லாத்துக்கும் தலையாட்டிப்போட்டன் தம்பி. உதுக்கு மட்டும் ஏலாது. வடிவா, விளங்கிற மாதிரிச் சொல்லு."

"சரி அண்ணை" என்றேன். அக்காவிடமும் சரி என்றுதான் சொல்லியிருந்தேன்.

நேர்ஸ் சிவப்புக் கார் ஒன்றில் வந்தார். நடுத்தர வயது, நல்ல சிரிப்பு. எமிலியா அக்கா காலையிலிருந்து வீட்டைக் கழுவியிருந்தார். மேசையில் புறுக்சன் பிஸ்கற்றைக் கோப்பையில் போடாமல் பைக்கற்றோடு வைத்திருந்தார், கடையில் வாங்கியது என்று தெரியட்டும் என்று. நானும் அண்ணையும் அன்றைக்கும் லீவு; அண்ணை கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையோடு இருந்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு என் கதிரையை முன்னுக்கு இழுத்தேன்.

"மாமா வேண்டாம்" என்றாள் றோஸ். "நான் சொல்லுறன்." பிறகு நேர்ஸிடம் டேனிஷில், "நானே மொழிபெயர்க்கிறேன்" என்றாள்.

நேர்ஸ் என்னைப் பார்த்தார், பெற்றோரைப் பார்த்தார். பிள்ளையின் பேச்சில் ஊர்ப் பிள்ளைகளின் இழுவை அப்படியே இருந்தது. சரி என்றார்.

"நேற்று மத்தியானம் வீட்டில் என்ன சாப்பிட்டீர்கள் என்று அம்மாவிடம் கேள்."

றோஸ் தாயைப் பார்த்து, "குளிருக்கு உடுப்புக் காணுமோ எண்டு கேக்கிறா" என்றாள்.

"காணும், காணும். நன்றி சொல்லு மோனை" என்றார் அக்கா.

"உருளைக்கிழங்கும் இறைச்சி உருண்டையும், மண்ணிறக் குழம்பும்" என்றாள் றோஸ் நேர்ஸிடம். "கரட்டும்."

நேர்ஸ் எழுதிக்கொண்டார். பேனையை வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, அந்தப் பிறந்தநாள் மீனைப் பற்றி அப்பா ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார். மீன் என்ற சொல் அண்ணைக்குத் தெரியும். அவர் காத்திருந்தது அதற்குத்தான். கதிரை விளிம்புக்கு வந்து, நேர்ஸின் முகத்தைப் பார்த்தபடியே தமிழில் தொடங்கினார். ஏழு வயதில் கடலுக்குப் போனது, கண்ணைப் பார்த்து மீன் தெரிகிறது, முப்பத்திரண்டு தலையும் தானே தெரிந்தது, எவால்ட் தந்தது, களவில்லை, ஊத்தையில்லை, தன் பிள்ளைக்குக் கொடுக்காததை ஊரார் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. நிதானமாக, ஒவ்வொன்றாக, றோஸுக்கு இடம்விட்டு இடம்விட்டுச் சொன்னார். அப்படி அவர் பேசி நான் கேட்டதில்லை.

றோஸ் தகப்பன் முடிக்கும்வரை தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா மன்னிப்புக் கேட்கிறார்" என்றாள் நேர்ஸிடம். "அந்த மீன் புறுக்சனில் வாங்கியது. வேலையிடத்தில் இருந்து வருகிறது வேறு மீன், அதை நாங்கள் தின்பதில்லை. இந்த மாமா பிழையாகச் சொல்லிவிட்டார். அவருக்கு டேனிஷ் அவ்வளவாகத் தெரியாது."

நேர்ஸ் என் பக்கம் திரும்பினார். "அப்படியா?"

றோஸ் என்னைப் பார்க்கவில்லை. மேசையிலிருந்த பிஸ்கற் பைக்கற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் ஓரத்தை நகத்தால் சுரண்டியபடி இருந்தாள்.

"நான்… பிழை சொன்னது" என்றேன். வினையையும் காலத்தையும் வேண்டுமென்றே உடைத்துப்போட்டேன். "டேனிஷ் கொஞ்சம். விளக்கம் இல்லை. மன்னிப்பு."

நேர்ஸின் முகம் தெளிந்தது. பெரிய மூச்சு விட்டார். இப்படியான தவறுகள் நடக்கத்தான் செய்யும், பள்ளிக்கூடத்துக்குத் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். என்னிடம் மட்டும் மிக மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, "மாலை வகுப்பு இருக்கிறது, போய்ப் படி" என்றார். ஒரு பிஸ்கற் எடுத்துக் கடித்தார். எழும்பிப் போகும்போது சூசைதாசன் அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சிவப்புக் கார் ஒழுங்கை முடக்கில் மறைந்ததும் எமிலியா அக்கா சிலுவை போட்டுக்கொண்டு அழுதார். அண்ணைக்கு நிலத்தில் கால் நிற்கவில்லை.

"பாத்தியே தம்பி? நான் சொன்னன்தானே, உண்மையைச் சொன்னா விளங்கும் எண்டு. எப்பிடிச் சிரிச்சுக்கொண்டு போறா பாத்தியே? கையைக் குடுத்திட்டெல்லோ போறா!" என் தோளை உலுக்கினார். "கோவிக்காதை, உன்னைவிட வடிவாச் சொல்லிப்போட்டாள் என்ரை பிள்ளை. நான் சொன்னதெல்லாம் சொன்னவள்தானே? கடல் கதையும்?"

"ஓம் அண்ணை" என்றேன். "ஒண்டும் விடேல்லை."

அவர் திரும்பி, "கெட்டிக்காரி" என்று சொல்லிக்கொண்டு, றோஸின் தலையைத் தடவக் கையை நீட்டினார். பிள்ளை சட்டென்று தலையை இழுத்துக்கொண்டு ஒரு அடி பின்னுக்குப் போனாள். கை அந்தரத்தில் நின்றது.

அண்ணை அந்தக் கையை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தார். பிறகு குசினிக்குப் போய் சவர்க்காரத்தை எடுத்துக் கழுவத் தொடங்கினார். வெகுநேரம் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. நேர்ஸ் வருகிறார் என்று காலையிலிருந்து மூன்று முறை கழுவிய கை.